பக்தவச்சலத்தின் வலது கை

"இது இன்னா வேலை செய்யும்?"

கார்குழலி எதைச் செய்து வைத்தாலும் வியாசர்பாடியில் முதல் கேள்வி இதுதான். "ஆடும்" என்பாள். "ஆடி?" என்பார்கள். "அவ்ளோதான். ஆடும்." கேட்டவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்பார். தகரம் ஒன்று காற்றுக்குத் திரும்பும். அதோடு கோத்த கம்பி மெல்ல மேலே போகும், கொஞ்சம் தயங்கும், பிறகு இறங்கும். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார். அப்படி நிற்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால் அந்தக் கேள்வியின் மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. கோபமெல்லாம், "இதுல ஒரு மோட்டார் மாட்டினா ஜோரா சுத்துமே" என்று இலவசமாக யோசனை சொல்கிறவர்கள் மேல்தான்.

அந்தக் கோபத்துக்கும் அவளுக்கு முழு உரிமை கிடையாது. கல்யாண மேடைகளுக்குச் சுழலும் தாமரையும், நகைக்கடைக் கண்ணாடிக்குள் தலையாட்டும் மயிலும் செய்து கொடுத்துத்தான் அவள் சாப்பிடுகிறாள். அவை அத்தனையும் மோட்டாரில் ஓடுகின்றன. மிச்ச நேரத்தில் தனக்கென்று செய்கிறவை மட்டும் காற்றில் ஓடும்.

காசிமேட்டில் பழைய ஐஸ் பெட்டித் தகரங்களை வெட்டி ஒரு மீன் கூட்டம் செய்து கம்பத்தில் ஏற்றினாள். காற்று திரும்பினால் மீன்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பும். படகுக்காரர்கள் முதலில் அதைப் பார்த்துக் காற்றடிக்கும் பக்கம் சொன்னார்கள். அப்புறம் கம்பத்தில் வலையைக் காயப்போட்டார்கள். வலையின் பாரத்தில் மீன்கள் நின்றுபோயின. இவள் போய்ச் சண்டை பிடித்தாள். "வலைல மாட்டுன மீனு நிக்காம இன்னாம்மா பண்ணும்?" என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள். எண்ணூரில் கழிமுகத்தோரம் வைத்த இன்னொன்று, அனல்மின் நிலையத்துச் சாம்பலும் உப்பும் ஏறி ஒரே மழைக்காலத்தில் இறுகிப்போயிற்று. திருவொற்றியூரில் வைத்தது திருடு போனது. பழைய இரும்புக் கடையில் அதைத் துண்டு துண்டாகப் பார்த்தபோது, தான் செய்ததில் நல்ல இரும்பு இருந்திருக்கிறது என்று அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

இந்தப் பைத்தியம் அவளுக்கு எங்கிருந்து பிடித்தது என்றால், அப்பாவிடமிருந்துதான். அப்பா பக்தவச்சலம் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். ஆயுத பூஜையன்று மட்டும் வேலைக்காரர்களின் பெண்டு பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். கிரேனுக்கு வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, பொரி கடலை கொடுத்து முடிந்ததும் ஆபரேட்டர்களுக்குள் ஒரு பந்தயம் நடக்கும். உடைக்க வேண்டிய பூசணிக்காயைக் கிரேன் கொக்கியில் தொங்கவிட்டு, கீழே வைத்திருக்கும் தண்ணீர்ச் சொம்பின் வாயில் உட்கார வைக்க வேண்டும். சொம்பு சாயக் கூடாது, தண்ணீர் சிந்தக் கூடாது. ஆறு வயதில் அம்மா கெங்கம்மாவின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு கார்குழலி அதைப் பார்த்தாள். அத்தனை பெரிய இரும்பு, வானத்திலிருந்து இறங்கி, சொம்புக்கு ஒரு சாண் மேலே நின்று, மூச்சு விட்டுக்கொண்டதுபோல் நிதானித்து, பூசணிக்காயைப் பூவாக வைத்தது. ஜனம் விசிலடித்தது. மேலே கூண்டுக்குள் அப்பாவின் முகம் தெரியவில்லை. வலது கை மட்டும் நெம்புகோலின் மேல் தெரிந்தது.

கலைக் கல்லூரியில் சிற்பம் படிக்கப் போனபோது களிமண்ணும் கல்லும் கொடுத்தார்கள். நல்ல பொருள்கள்தான், ஆனால் வைத்த இடத்தில் இருந்தன. அவளுக்கு அது போதவில்லை. படித்து முடித்ததும் தண்டையார்பேட்டையில் சௌக்கத் அலியின் லேத்துப் பட்டறைக்குப் பின்னால் பாதிக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தாள். சௌக்கத் அலி அப்பாவின் பழைய தோஸ்து. அவளுக்கு வேண்டிய அச்சு, பல்சக்கரம், அச்சு உள்ளே நின்று சுற்றும் புஷ் வளையம் எல்லாம் அவர் கடைந்து கொடுப்பதுதான். அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. கடைந்து கொடுத்த சாமானில் ஆட்டம் இருக்கக் கூடாது. அச்சு துளைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆனால் பக்கவாட்டில் அசையக் கூடாது. ஒரு சாமான் லொடலொடவென்று ஆடினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

பக்தவச்சலம் ஓய்வு பெற்ற பிறகுதான் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார் டாக்டர், மாத்திரை எழுதினார். மாத்திரைக்குக் கொஞ்சம் கேட்டது, முழுசாகக் கேட்கவில்லை. பக்தவச்சலம் முதலில் கேரம் கிளப்பை விட்டார். பிறகு டீக்கடையை விட்டார். வாசலுக்குக்கூட வருவதில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார்.

வீட்டிலிருந்தவர்களும் அதற்கு ஒத்துழைத்தார்கள். அவர் சாப்பிடும்போது கெங்கம்மா டிவியைப் பார்ப்பாள், கார்குழலி செல்போனைப் பார்ப்பாள். தட்டோரத்தில் டம்ளர் இடிக்கும் சத்தம் கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் ஏதாவது பேச ஆரம்பிப்பார்கள். மரியாதை என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தார்கள். நாலு வருஷம் இப்படியே ஓடிற்று.

இந்த வருஷம் ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு பழைய கிடங்கில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து கண்காட்சி ஒன்று வைத்தார்கள். கார்குழலிக்கு நடுக்கூடத்தைக் கொடுத்தார்கள். அங்கே நின்று கூரையைப் பார்த்த உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்ன செய்யப் போகிறோம் என்று. கூரை மேல் ஒரு காற்றுச் சக்கரம். கடல் காற்றில் அது சுற்ற, கீழே பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்துக் குறைத்து, ஒரு நீண்ட இரும்புக் கைக்குக் கொடுக்கும். கையின் நுனியில் கம்பிக்கயிறு, அதில் ஒரு வளையம், வளையத்துக்குள் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய டீக்கடை கிளாஸ். கை அந்தக் கிளாஸை மெல்ல இறக்கி ஒரு முக்காலியின் மேல் வைக்கும். மறுபடி தூக்கும்.

இவ்வளவோடு விட்டிருந்தால் அது கிரேன். அவள் விடவில்லை. அந்தக் கை நடுங்க வேண்டும். இறங்கும்போது நடுங்கி, தண்ணீரைச் சிந்தி, ஆனாலும் கடைசியில் கிளாஸை முக்காலியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். நடுங்குகிற கையும் வைக்கும் என்று சொல்ல வேண்டும். சௌக்கத் அலி கடைந்து கொடுத்த தோள் மூட்டுப் புஷ்ஷின் துளையை அவளே அரம் போட்டுத் தேய்த்துப் பெரிதாக்கினாள். கை ஆடியது. அன்றைக்குக் கொட்டகையில் யாரும் இல்லை. அவள் வாய்விட்டு அழுதாள்.

அப்பாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் வாழ்நாளில் அவள் செய்த ஒரே நல்ல வேலை கொட்டகையிலேயே கிடக்கும். சொல்லாமல் வைத்து அவருக்குத் தெரிந்துபோனால், மனுஷர் இருக்கிற கொஞ்சநஞ்சக் கதவையும் சாத்திக்கொள்வார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

கெங்கம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். "அவரு கைய அவரே பாக்க மாட்டாருடி. நீ ஊருக்கே காட்டப் போறியா?"

"தப்பா காட்டலம்மா."

"அத்த அவரு சொல்லணும். நீ சொல்லக் கூடாது."

பேச்சு அதோடு நின்றது. கண்காட்சியும் வந்துவிட்டது.

திறப்புக்கு முதல் நாள் கார்குழலி கிடங்கின் கூரையில் சக்கரத்தை நிறுத்திக்கொண்டிருந்தாள். இரும்புக் கை இன்னும் பட்டறையில் இருந்தது. சாயங்காலம் சௌக்கத் அலியே அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார், மாட்டவும் உதவினார். காற்று விழுந்துவிட்டதால் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. நாளை மதியம் கடல் காற்று ஏறும்போது ஓடும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் மதியத்துக்கு மேல் கூடம் நிறைந்திருந்தது. காற்று வருகிறதா என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வாசலைப் பார்த்தாள். பக்தவச்சலம் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தேய்த்த பேன்ட், வலது கை பாக்கெட்டுக்குள். பக்கத்தில் சௌக்கத் அலி பல்லெல்லாம் தெரிய நின்றார். "உன் பொண்ணு கிரேன் செஞ்சிகீது, வந்து பாருய்யான்னு நாந்தான் இஸ்துகினு வந்தேன்" என்றார்.

கார்குழலி ஓடிப்போய்ச் சக்கரத்தைக் கட்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் கூரையில் தகரம் முனகியது. பல்சக்கரங்கள் ஒன்றையொன்று பிடித்தன. கை கிளம்பியது.

அது நடுங்கவில்லை.

இரும்புக் கை வழுவழுவென்று இறங்கியது. கிளாஸில் தண்ணீர் அலுங்கவில்லை. முக்காலிக்குச் சற்று மேலே வந்து நிதானித்து, சத்தமே இல்லாமல் வைத்தது. கூட்டம் கை தட்டியது. கார்குழலி ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தாள். அவர் முகம் நாலு வருஷமாக அவள் பார்க்காத முகமாக இருந்தது.

"பூசணிக்கா!" என்றார். "ஆயுத பூஜை பூசணிக்காதானே? இன்னா சோக்கா எறக்குது பாரு! என் கையே தான் பாய் இது!" பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடமும், "நான் அங்கதாம்மா கிரேன் ஓட்டுனேன். இது என் கை" என்றார். கை மறுபடி தூக்கியது. அவர் மறுபடி பார்த்தார். போவதற்கு மனசில்லாமல் சாயங்காலம்வரை அங்கேயே நின்றார்.

கார்குழலி சௌக்கத் அலியை ஒரு தூண் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "இன்னா பண்ண பாய்?"

"சரி பண்ட்டேன் பேட்டா" என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "தோள் புஷ்ல அம்மாம் ஆட்டம் இருந்திச்சி. அளந்து பாத்தா துளை பெருசு. கண்ணு மங்கிப் போச்சு, நாந்தான் தப்பா கடைஞ்சிட்டேன்னு எனக்கு ஒரே பேஜாரா பூட்ச்சி. புதுசா கன்மெட்டல்ல வேற புஷ்ஷு போட்டு டைட்டா எறக்கிட்டேன். நீ பாவம், என் மனசு நோகும்னு சொல்லாம இருந்துகீறே."

பழைய புஷ்ஷைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தார். இவரைத் திட்ட முடியுமா? அவளுக்குத் திட்ட வேண்டும்போல்தான் இருந்தது. அதைவிட வெட்கமான ஒன்றும் இருந்தது. உள்ளுக்குள் அவளுக்கு நிம்மதி. அப்பா சந்தோஷமாக இருக்கிறார், யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை, இப்படியே விட்டுவிடலாம். கெங்கம்மாவும் அன்று இரவு அதையேதான் சொன்னாள். "அல்லாவோ புத்தரோ, யாரோ ஒர்த்தர் பாத்து பண்ணிகீறாங்க. வுட்டுடு."

விட முடியவில்லை. மறுநாள் காலையில் பக்தவச்சலம் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு அந்தக் கை இறங்கிய அழகை நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க அவளுக்குத் தான் ஏதோ திருடிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அரம் போட்டுத் தேய்த்ததை, அவர் கையை நினைத்துத்தான் செய்தாள் என்பதை, சௌக்கத் அலி தெரியாமல் சரி செய்ததை, எல்லாவற்றையும்.

பக்தவச்சலம் இட்லியைத் தொடவில்லை.

"அப்ப, நேத்து அங்க நின்னுகினு இது என் கைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேனே?"

"யாருக்கும் தெரியாது நைனா."

"உனக்குத் தெரியும்ல."

அவர் எழுந்துபோய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் ராயபுரத்துக்குப் போய்ச் சக்கரத்தைக் கயிறு போட்டுக் கட்டினாள். பழுது என்று ஓர் அட்டை வைத்தாள். வழுக்கிக்கொண்டு இறங்கும் கை அவளுடையதில்லை. நடுங்கும் கையை அவரைக் கேட்காமல் மாட்டவும் இனி முடியாது. கண்காட்சி முடியும்வரை அது அப்படியே நிற்கட்டும் என்று தீர்மானித்துவிட்டாள். வருகிறவர்கள் அந்த அட்டையைப் படித்துவிட்டு அடுத்த கூடத்துக்குப் போனார்கள். வீட்டில் பக்தவச்சலம் பேசவே இல்லை. கேட்டால் தலையாட்டினார், அதுவும் கெங்கம்மாவிடம் மட்டும்.

கண்காட்சி முடியும் வாரத்தில், ஒரு மதியம், கூடத்தில் யாரும் இல்லாத நேரம். கார்குழலி பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். வெறுமனே உட்கார்ந்திருக்க முடியாமல் செய்த வேலைதான். செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால் பக்தவச்சலம். தனியாக வந்திருந்தார். பஸ் பிடித்து, கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"அந்த புஷ்ஷு கீதா?" என்றார்.

"கீது."

"மாட்டு. பாக்கணும்."

"வேணாம் நைனா."

"மாட்டுன்றேன்ல."

அவள் மாட்டினாள். கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்து, அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, தான் எட்டத் தள்ளி நின்றுகொண்டாள். காற்று நன்றாகவே வந்துகொண்டிருந்தது. கை கிளம்பியது. தோளில் தட்டத் தொடங்கிய ஆட்டம் நுனிக்குப் போகப் போகப் பெரிதாயிற்று. கிளாஸ் வளையத்துக்குள் கிலுகிலுத்தது. தண்ணீர் முக்காலியெல்லாம் சிந்தியது. நடுங்கிக்கொண்டே இறங்கி, இடித்து, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, ஒருவழியாக வைத்தது. அவளால் அப்பாவைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தாள்.

"தப்பு" என்றார் பக்தவச்சலம்.

"மன்னிச்சிடு நைனா. கழட்டிடறேன்."

"அதில்ல. ஆட்டம் தப்பு. என் கை இப்டி ஆடாது."

அவள் நிமிர்ந்தாள். அவர் எழுந்து முக்காலியருகே வந்தார். பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தார். வளையத்திலிருந்து கிளாஸை எடுத்து, அவள் முகத்துக்கு நேராகத் தூக்கி, மெல்ல இறக்கி, மறுபடி முக்காலியில் வைத்தார். மிச்சமிருந்த தண்ணீர் சிந்தவில்லை.

"வேலை குடுத்தா அடங்கிக் கெடக்கும். தூக்கும்போதும் ஆடாது, எறக்கும்போதும் ஆடாது. கிளாஸ புடிச்சிகினு சும்மா நின்னு பேசிகினு இருந்தேன்னு வெய்யி, அப்ப ஆரம்பிக்கும். ஒண்ணும் செய்யாம குந்திகினு இருந்தா இன்னும் மோசம். அதனாலதான் டீக்கடைக்குப் போறதில்ல. டீ குடிக்கிறதுக்கா போறோம் அங்க? நின்னு பேசத்தானே."

கார்குழலிக்கு முகம் சூடேறிற்று. மின்விசிறி எப்படி நிற்கும், வலை எப்படிச் சரியும், தகரம் எந்தக் காற்றுக்குத் திரும்பும் என்று மணிக்கணக்கில் பார்த்தவள் அவள். ஒரே வீட்டில் இருந்த இந்தக் கையை டம்ளர் சத்தத்தில் மட்டும் கேட்டிருக்கிறாள். மிச்சத்தையெல்லாம் தானாகச் செய்துகொண்டிருக்கிறாள்.

பக்தவச்சலம் கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு, முக்காலியை இரும்புக் கைக்கு அடியிலிருந்து நாற்காலிப் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஈரத்தைத் துடைத்துவிட்டு வலது கையை முக்காலியின் மேல் வைத்தார். கை சும்மா கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி உருட்டுவதுபோல ஒன்றையொன்று தேட ஆரம்பித்தன. பிறகு மணிக்கட்டு. பிறகு கை முழுவதும். முக்காலியின் கால் ஒன்று சிமென்ட் தரையில் தட்டத் தொடங்கியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவளுக்குத் தாங்கவில்லை. குனிந்து அந்தக் கையைப் பிடித்து நிறுத்தப் போனாள்.

"புடிக்காத" என்றார். "பாரு. நல்லா பாத்துகினு செய்யி."

அவள் தரையிலேயே உட்கார்ந்து பார்த்தாள். மேலே இரும்புக் கை வெறும் வளையத்தைத் தூக்கியது, இறக்கியது, அவர்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. வெகுநேரம் கழித்து, கண்ணை எடுக்காமலே, "வலிக்குதா நைனா?" என்று கேட்டாள். நாலு வருஷமாக வீட்டில் ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வி அது.

"வலியில்ல கண்ணு" என்றார் பக்தவச்சலம். "ரொம்ப ஓஞ்சிப் போவுது."